சாத்ரியா ஜிடிஐ: இருபது வயதுக் காரை வைத்துக் காப்பாற்றுவது எப்படி?

தமிழ் மொழிக் கழகத்தின் ஆண்டு மலரில் காரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று மூத்த வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். இலக்கியம் எழுத நம்மிடையே ஆள் இருக்கிறது. ஆனால் நம் மாணவர்களில் பலர் வாரக் கடைசியில் எதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறார்கள் என்று விடுதியின் வாகன நிறுத்துமிடத்தில் நின்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பேச்சில் பாதி கார்தான். அதில் தவறான தகவலும் பாதிக்குக் குறையாது. ஆகவே, பழைய விரைவுக்கார் ஒன்றை மூன்று ஆண்டுகளாக வைத்திருப்பவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

நான் சுங்கை சோவைச் சேர்ந்தவன். ரவாங்கிலிருந்து செரண்டாவுக்குப் போகும் பழைய கூட்டரசு நெடுஞ்சாலையில், கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடக்கூடிய ஊர். தாத்தா காலத்தில் ரப்பர், அப்பா காலத்தில் செம்பனை, எங்கள் காலத்தில் தொழிற்சாலை. நாட்டின் இரண்டாவது தேசியக் கார் நிறுவனமான பெரோடுவா 1993இல் தொடங்கப்பட்டு, 1994இல் தன் முதல் காரான கஞ்சிலை வெளியிட்டது எங்கள் சுங்கை சோவில்தான். எங்கள் பக்கத்துத் தோட்டப்புறப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு அந்தத் தொழிற்சாலை முதல் சம்பளம் கொடுத்திருக்கிறது. வடக்கே சற்றுத் தூரம் போனால், பேராக் எல்லையைத் தாண்டியதும், தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் தொழிற்சாலை. இரண்டு கார் தொழிற்சாலைகளுக்கு நடுவே வளர்ந்தவனுக்குக் கார்ப் பைத்தியம் பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

என் கார் புரோட்டோன் சாத்ரியா ஜிடிஐ. 2003ஆம் ஆண்டுப் பதிவு. இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. சாத்ரியா, வீரா, புத்ரா, பெர்டானா என்று அக்காலத்தில் புரோட்டோன் வைத்த பெயர்களைச் சற்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். சத்திரியன், வீரன், புத்திரன், பிரதானம். வடமொழி வழியாக மலாய்க்குப் போன சொற்கள். நமக்கும் அவை அந்நியமல்ல. மலாய்க்காரரின் காராக எண்ணி நாம் வாங்கிய வீராவில் நம் வீட்டுச் சொல்லே ஒட்டிக்கொண்டிருந்தது.

சாத்ரியா 1994இல் வந்த மூன்று கதவுச் சிறு கார். மிட்சுபிஷியின் அடித்தளம். 1996இல் இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தின் பெரும்பங்கைப் புரோட்டோன் வாங்கியது. அந்த உறவின் பயனாகத் தொண்ணூறுகளின் இறுதியில் பிறந்ததுதான் ஜிடிஐ வகை. அதன் சுருள்வில், அப்சோபர், திருப்பும் தன்மை ஆகியவற்றை லோட்டஸ் பொறியாளர்கள் சீரமைத்தார்கள். உள்ளே மிட்சுபிஷியின் 4ஜி93 என்ஜின்: 1,834 சி.சி., நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, இரட்டைக் கேம்ஷாஃப்ட், ஏறக்குறைய 140 குதிரைத்திறன். ஐந்து கியர், கையால் மாற்றுவது மட்டுமே. இன்றைய கணக்கில் 140 குதிரைத்திறன் பெரிய எண் அல்ல. ஆனால் இந்தக் காரின் எடை குறைவு. சாலையில் உள்ள ஒவ்வொரு கல்லும் கையில் தெரியும். 2017இல் சீனாவின் ஜீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்கை வாங்கியபோது லோட்டஸும் கைமாறிப் போயிற்று. ஆகவே இப்படியொரு கூட்டணியில் இன்னொரு கார் இனி வரப்போவதில்லை. பழைய ஜிடிஐயின் விலை சில ஆண்டுகளாக இறங்காமல் ஏறிக்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

விலை ஏறும் பொருளைத் திருடனும் தேடுவான். வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பெயிண்டை அல்ல, எண்களை. சட்டகத்தில் பொறித்த எண்ணும் என்ஜின் எண்ணும் கிராண்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். எண்ணைச் சுற்றி உரசிய தடமோ, புதுச் சாயமோ, வெல்டிங் கோடோ இருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் திரும்பி நடந்துவிடுங்கள். இரண்டு காரை வெட்டி ஒன்றாக ஒட்டிய வண்டிகள் நம் நாட்டில் உண்டு. மோதலில் அவை ஒட்டிய இடத்திலேயே பிரியும். என்ஜினை மாற்றியிருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையில் அது பதிவாகியிருக்க வேண்டும். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் 'ஹாஃப் கட்' லான்சரின் டர்போ என்ஜினை ஜிடிஐயில் வைப்பது நம் இளைஞர்களுக்குப் பிடித்த வேலை. பதிவு செய்யாமல் அதைச் செய்துவிட்டு, விபத்து நேர்ந்தபின் காப்புறுதி நிறுவனம் கைவிரித்தால் யாரை நோவது?

அடுத்தது துரு. நம் மழைக்கும் வெப்பத்துக்கும் கார் உள்ளிருந்தே அழுகும். பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கி மாற்று டயர்க் குழியைப் பாருங்கள். ஓட்டுநர் கால்வைக்கும் தரையைத் தட்டிப் பாருங்கள். தகரம் 'டங்' என்று ஒலித்தால் நல்லது, 'பொத்' என்றால் உள்ளே காகிதம்.

வாங்கியபின் நான் முதலில் செய்த வேலை டைமிங் பெல்ட்டை மாற்றியது. முந்தைய உரிமையாளர் "இப்பத்தான் மாத்தினேன்" என்றார். ரசீது இல்லை. ரசீது இல்லாத பெல்ட் மாற்றப்படாத பெல்ட் என்றே கொள்ள வேண்டும். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குச் சற்று விளக்கம் தேவை.

என்ஜினின் கீழ்ப்பகுதியில் பிஸ்டன்கள் ஏறி இறங்குகின்றன. மேல்பகுதியில் வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் ஒரே தாளத்தில் இயங்க வேண்டும். தாளத்தைக் காப்பது ஒரு ரப்பர்ப் பட்டை. நிமிடத்துக்கு 3,000 சுற்று என்பது நெடுஞ்சாலையில் சாதாரண வேகம். அந்நிலையில் ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறக்கிறது. பதினாறு வால்வுக்கும் சேர்த்து வினாடிக்கு 400. அத்தனையும் அந்தப் பட்டையின் பற்களை நம்பித்தான். 4ஜி93 இரட்டைக் கேம் என்ஜினில் பிஸ்டன் மேலே வரும் இடமும் வால்வு கீழே இறங்கும் இடமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தவை. பட்டை அறுந்தால் வால்வு திறந்தபடியே நிற்கும். பிஸ்டன் மேலே வந்து அதை அடிக்கும். வால்வு வளையும், சிலசமயம் பிஸ்டனும் உடையும். சில நூறு ரிங்கிட்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை பல ஆயிரமாகிவிடும்.

பொதுவாக 100,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். வருடக் கணக்கை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் நின்றே பொழுதைக் கழித்த காரின் பெல்ட்டும் கிழடாகும், ரப்பர் அல்லவா? ரப்பர்க் காட்டில் வளர்ந்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐந்தாறு ஆண்டு ஆனால் ஓடியது எவ்வளவு என்று பார்க்காமல் மாற்றுவது நல்லது. மாற்றும்போது இழுவிசை உருளை, துணை உருளை, தண்ணீர்ப் பம்ப், எண்ணெய் சீல் ஆகியவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். எல்லாம் அந்த மூடிக்குப் பின்னால்தான் இருக்கின்றன. பம்பு ஆறு மாதம் கழித்து ஒழுகினால் அதே கூலியை மறுபடியும் கொடுக்க வேண்டிவரும்.

என் போமன் ரவாங்கில் பட்டறை வைத்திருக்கும் சீனப் பெரியவர். நாங்கள் எல்லாரும் அவரைத் தவுக்கே என்போம். அவர் எங்கள் எல்லாரையும் தம்பி என்பார். அந்தப் பட்டறையில் பேசப்படும் மொழியை எந்த மொழித்துறையிலும் கற்க முடியாது. வினைச்சொல் மலாய், பெயர்ச்சொல் ஆங்கிலம், திட்டு மட்டும் கந்தோனீசும் தமிழும். 'போமன்' என்பதே ஆங்கிலத்தில் மேற்பார்வையாளரைக் குறித்த சொல். நம் நாட்டில் கை கறுத்த ஒவ்வொரு பழுதுபார்ப்பவரும் போமன் ஆகிவிட்டார். நான் 'மகிழுந்து' என்று பள்ளியில் எழுதிப் பழகியவன்தான். ஆனால் பட்டறையில் மகிழுந்து என்றால் பேருந்தா என்று கேட்கிறார்கள். ஆகவே இக்கட்டுரையில் கார் என்றே எழுதுகிறேன். கழகத் தோழர்கள் பொறுத்தருள்க.

தவுக்கே என்ஜினைக் கேட்டே நோய் சொல்வார். காலையில் காரைக் கிளப்பியதும் மேல்பகுதியிலிருந்து தையல் இயந்திரம்போல் 'டிக் டிக்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். மிட்சுபிஷி என்ஜின்களில் வால்வின் இடைவெளியை எண்ணெய் அழுத்தத்தால் சரிசெய்யும் சிறு குமிழ்கள் உண்டு. அவற்றில் எண்ணெய் வடிந்துபோனால் அந்தச் சத்தம் வரும், சூடானதும் அடங்கும். அடங்காவிட்டால் எண்ணெயை மாற்ற வேண்டும், அல்லது குமிழ்களைக் கழற்றிக் கழுவ வேண்டும். ஆனால் அடியிலிருந்து 'டக் டக்' என்று கனமாக வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது பேரிங், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டரும் பணம்.

குளிரூட்டும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விதி எளிது: குழாய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். அது உள்ளே துருவாக்கி ரேடியேட்டரை அடைக்கும். ரவாங் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் முதலில் வீணாவது சிலிண்டர் தலையின் கேஸ்கட். பழைய காரில் ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் பகுதி பழுப்பேறியிருந்தால் அது வெடிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று பொருள். அக்காலத்து மிட்சுபிஷிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் மின்தேக்கிகள் கசிவதும் அறிந்த நோய்தான். காரணமே இல்லாமல் கார் திணறினால் என்ஜினைப் பிரிப்பதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக்குக்கு வருகிறேன். இதில் எனக்கு ஆசான் என் தந்தை. செம்பனைப் பழக்குலை லாரி ஓட்டியவர். கார் வாங்கிய புதிதில் அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: "ஏன்டா, ஓடுறது இருக்கட்டும், நிக்குமா?"

பிரேக் என்பது ஓட்டத்தை வெப்பமாக மாற்றும் கருவி. அழுத்தும் ஒவ்வொரு முறையும் தட்டும் பேடும் சூடாகின்றன. அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்கும் போய்ச் சேருகிறது. பிரேக் எண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை அது தானாகவே உறிஞ்சும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரநிலை. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகும். நீர்மத்தை அழுத்த முடியாது, ஆவியை அழுத்த முடியும். ஆகவே மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பாதை எங்கள் பக்கத்து இளைஞர்களுக்குப் புனிதத் தலம். வளைவுக்கு மேல் வளைவு. ஏறும்போது எல்லாரும் வீரர்கள். இறங்கும்போதுதான் இந்த எண்ணெயின் வயது தெரியும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றுங்கள். நம் ஈரப்பதத்தில் அதைத் தள்ளிப்போட இடமில்லை. அப்பா தம் லாரிக் காலத்து விதியையும் சொன்னார்: "ஏறின கியர்லயே எறங்கு." சிறு கியரில் இறங்கினால் என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கும். பத்து டன் பழக்குலைக்கும் ஜிடிஐக்கும் இயற்பியல் ஒன்றுதான்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பூ நன்றாக இருக்கிறதே என்று பழைய டயரை வாங்கிப் போடும் நண்பர்கள் அந்த எண்ணையும் பார்க்க வேண்டும். ரப்பர் இறுகிவிட்டால் பூ இருந்தும் பயனில்லை, குறிப்பாக மழையில். எங்கள் பக்கத்துச் சாலைகளின் நிலை வேறு சொல்ல வேண்டுமா? பெஸ்தாரி ஜெயா, ஈஜோக் பக்கம் மணல் லாரி சிந்திய மணல். கோல சிலாங்கூர்ச் சாலையில் செம்பனை லாரி விட்டுப்போன சேறு. முதல் பத்து நிமிட மழையில் இவை எல்லாம் சேர்ந்து சவர்க்காரமாகிவிடும்.

அங்கேதான் இந்தக் காரின் ஆபத்தான குணம் வெளிப்படுகிறது. ஜிடிஐ முன்சக்கரத்தால் இழுக்கப்படும் குட்டைக் கார், கனமெல்லாம் முன்னால். வளைவில் வேகமாகப் போகும்போது பயந்து எண்ணெய் மிதியைச் சட்டென்று விட்டால், எடை முன்பக்கம் சாய்ந்துவிடும். பின்சக்கரம் தரையை விடும் அளவுக்கு இலேசாகும். பின்பகுதி வெளியே வழுக்கிக்கொண்டு வரும். இந்தக் குணம் பந்தயத் தடத்தில் தெரிந்தவனுக்கு வரம். மழைச் சாலையில் தெரியாதவனுக்கு எமன். 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியின் எல்லா வகைகளிலும் வழுக்கலைத் தானே கண்டு திருத்தும் மின்னணுக் கருவி உண்டு. என் காரில் கிடையாது. எங்கள் ஊரில் செய்யப்படும் சாதாரண மைவி பாதுகாப்பில் என் விரைவுக்காரை எளிதில் வென்றுவிடும். இதை மறைத்து ஜிடிஐயின் பெருமை பேசுவது நேர்மையாகாது.

நம் சமூகத்தில் இருபது, இருபத்திரண்டு வயதில் சாலையில் போய்விட்ட பையனின் படத்துக்கு மாலை போடாத தோட்டம் எது? என் தம்பிக்கு இவ்வாண்டுதான் 'பி' உரிமம் கிடைத்தது. சாவியைக் கேட்டான். பகலில், காய்ந்த சாலையில், நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பரவாயில்லை. கரம்ஜித் சிங் என்ற மலேசியர் 2002இல் உற்பத்திக் கார் பிரிவில் உலக ராலிப் பட்டத்தையே புரோட்டோன் காரில் வென்றார். அவரும் தொடக்கத்தில் மெதுவாகத்தான் ஓட்டியிருப்பார் என்று அவனிடம் சொன்னேன், அவன் நம்பவில்லை. வேகம் வேண்டுமென்றால் செப்பாங்கில் பணம் கட்டி ஓட்டும் நாள்கள் உண்டு. எதிரே லாரி வராது, ஓரத்தில் பால்மரம் நிற்காது.

செலவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். இவ்வளவு பழைய காருக்கு வங்கி கடன் தருவது அரிது. கையில் பணம் வேண்டும். சாலை வரி 1,800 சி.சி.க்கு மேல் என்பதால் 280 ரிங்கிட்டும், மிஞ்சிய 34 சி.சி.க்கு ஐம்பது காசு வீதமும் சேர்த்து 297 ரிங்கிட். 1.3 மைவிக்கு 70 தான். காப்புறுதியில் ஐந்து ஆண்டு கோரிக்கை இல்லாமல் ஓட்டியவருக்கு 55 விழுக்காடு கழிவு உண்டு. இளைஞனிடம் அது ஏது? பழைய காருக்கு முழுக் காப்புறுதி தரவே பல நிறுவனங்கள் தயங்கும். தந்தாலும் கூடுதல் கட்டணம் கேட்கும். எனக்கு முதல் ஆண்டில் பராமரிப்புக்கு மட்டும் ஏறக்குறைய 6,000 ரிங்கிட் போயிற்று. அதன்பின் ஆண்டுக்கு 2,000க்குள் நிற்கிறது. நல்லவேளை, வீரா, புத்ராவுடன் பல சாமான்கள் பொதுவானவை; கடையில் 'ஜிடிஐ' என்று சொல்லாமல் 'வீரா' என்று கேட்டால் சில சாமான் விலை இறங்கும்! ஜிடிஐக்கே உரிய உட்புறப் பொருள்கள், விளக்கு, பம்பர் ஆகியவைதான் அரிது. அவை உடைந்தால் தேடித் திரிய வேண்டியதுதான்.

மாதம் நூறு ரிங்கிட்டைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இந்தக் காரை வாங்க வேண்டாம். படிப்புக் கடனில் வாங்கவே வேண்டாம். இதைக் கடுமையாகச் சொல்வதாகச் சிலர் நினைக்கலாம். ஆனால் பிரேக் பேடுக்குப் பணமில்லாமல் புகைபோக்கிக்கு ஆயிரம் செலவழித்த வண்டிகளை நம் நிறுத்துமிடத்திலேயே பார்க்கிறேன்.

2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், இருபது ஆண்டைத் தாண்டிய காரை ஒழித்துவிட்டுத் தேசியக் கார் வாங்குவோருக்கு 4,000 ரிங்கிட் வரை உதவி என்று அரசு அறிவித்தது. அன்றிரவே அப்பா அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். என் காருக்கு இருபது ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது. கொடுத்துவிட்டால் மைவிக்கு முன்பணத்தில் ஒரு பகுதி ஆகும். அதன்பின் ஒன்பது ஆண்டுத் தவணை. அம்மாவைக் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் அழைத்துப் போக அதுதான் ஏற்றது, ஜிடிஐயின் பின்னிருக்கையில் ஏறி இறங்க அவரால் முடியவில்லை என்பதும் உண்மை. வேலை கிடைத்ததும் வீட்டுக்கு மைவி வாங்குவது என்று பேசி முடித்திருக்கிறோம். ஜிடிஐயை வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவாகவில்லை. அதுவரை அது ஓட வேண்டும். பின்சக்கரப் புஷ்கள் நான்கும் வெடித்திருக்கின்றன என்று தவுக்கே சொல்லியிருக்கிறார். வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கொண்டுவரச் சொன்னார், தம்பியையும் கூட்டிவரச் சொன்னார், ஸ்பானர் பிடிக்க ஆள் வேண்டுமாம்.